கணினிக் கேள்வி பதில்: பெயரை வெட்டினால் காணி போகுமா?

(கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டவும். ‘கோடு’ என்பது - குறி.)

கேள்வி: போட்டோக்கொப்பியும் ஸ்கேனும் செய்யும் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினியொன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கட்டளை வரியும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். ‘படங்கள் பழையவை’ என்ற கோப்புறையை நீக்க, ஆர்எம் கட்டளையுடன் கோடு-ஆர் சேர்த்து அதன் பெயரைத் தட்டினேன். அது அப்படியே இருக்க, வாடிக்கையாளர்களின் படங்கள் இருந்த ‘படங்கள்’ என்ற வேறு கோப்புறை மறைந்துவிட்டது. குப்பைத் தொட்டியிலும் இல்லை. மீட்க வழி உண்டா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: ஓரளவு வழி உண்டு. ஆனால் நீங்கள் இதை வாசிக்கும் வேளையிலும் அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டு வந்து மிகுதியை வாசியுங்கள்.

கட்டளை வரியில் ஓர் இடைவெளி விட்டால், ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். ஆகவே நீங்கள் ஒன்றாக நினைத்துத் தட்டியது கணினிக்கு ‘படங்கள்’, ‘பழையவை’ என்று இரண்டு பெயர்களாகப் போயிருக்கிறது. முதலாவது இருந்தது, கேள்வி எதுவும் கேட்காமல் நீக்கப்பட்டது. இரண்டாவது இல்லாதபடியால், அப்படியொரு கோப்பு இல்லை என்று ஒற்றை வரிச் செய்தி வந்திருக்கும். பெயரை மேற்கோள்குறிக்குள் இட்டிருந்தாலோ, முதற் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டாப் விசையை அழுத்திப் பெயரைக் கணினியையே நிரப்பவிட்டிருந்தாலோ இது நேர்ந்திராது.

இனி மீட்பதைப் பார்ப்போம். ஆர்எம் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. தரவு வன்தட்டில் ஓரிடத்தில் கிடக்கிறது. அடைவு, அதாவது கோப்புறை, என்பது இந்தப் பெயர் இந்த இலக்கத்துக்குரியது என்று குறித்து வைக்கும் பதிவேடு. அந்த இலக்கத்தை ஐநோட் இலக்கம் என்பார்கள். ஆர்எம் செய்வது பதிவேட்டில் பெயரை வெட்டுவது. அதே இலக்கத்துக்கு வேறு பெயரும் இல்லாமல், எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திராமலும் இருந்தால், அந்த இடம் யாருக்கும் கொடுக்கப்படலாம் என்ற நிலைக்கு வருகிறது. நம் வன்னியில் பதிவில் பெயர் வெட்டுப்பட்ட காணியிலும், அடுத்தவர் வந்து காடு வெட்டும் வரைக்கும் பாலை மரமும் வீரை மரமும் நின்றபடியே நிற்கும் அல்லவா? உங்கள் படங்களும் அப்படித்தான் நிற்கின்றன. கணினி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக ஏதாவது எழுதப்பட்டு அந்த இடம் பறிபோகலாம்; நிறுத்தச் சொன்னது அதனால்தான்.

வேறொரு கணினியில் உபுண்டுவை ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, உங்கள் கணினியை அதிலிருந்து இயக்குங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பதிவேட்டைப் பாராமல் வன்தட்டை நேரே வாசித்து, ஜேபெக் போன்ற பட வகைகளின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு கோப்புகளைத் தேடி எடுக்கும். பெயர்களும் கோப்புறை ஒழுங்கும் திரும்பி வராது. மீட்பவற்றை இன்னொரு வட்டிலேயே சேமிக்க வேண்டும். உங்களுடையது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் நம்பிக்கை குறைவு. காலியான இடங்களை வட்டுக்கு அறிவிக்கும் ட்ரிம் என்ற வேலையை உபுண்டு வாரம் ஒருமுறை தானாகவே செய்கிறது, அதன்பின் அங்கே வாசிப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

குப்பைத் தொட்டி ஏன் இல்லை என்று கோபிக்க வேண்டாம். ஆர்எம், லினக்ஸின் முன்னோடி இயங்குதளமான யூனிக்ஸுக்கு 1971 நவம்பரில் வெளிவந்த முதற் கையேட்டிலேயே இருக்கும் கட்டளை. அந்த யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் வட்டில் அரை மெகாபைட் இடந்தான் இருந்தது. இன்று உங்கள் கடையில் ஸ்கேன் செய்யும் ஒரு பக்கம் அதில் அடங்குமோ தெரியாது. நீக்கியதைச் சேர்த்து வைக்க அங்கே இடமேது?

நீக்குமுன் அதே பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்து, எவை அகப்படுகின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு ஆர்எம் கொடுப்பதையே நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் உடுக்குறியை (*) இடும்போது இது கட்டாயம், ஏனெனில் அதை விரித்துப் பெயர்களாக மாற்றுவது ஆர்எம் அன்று, அதற்கு முன்னே நின்று நாம் தட்டுவதை வாங்கும் ஷெல் என்ற நிரல். ஆர்எம்முக்குப் போய்ச் சேர்வது விரித்து முடித்த பட்டியல்தான். கோடு-ஐ சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் சம்மதம் கேட்கும் என்றாலும், நூறு முறை கேட்டால் நூறு முறையும் ‘ஆம்’ என்றே விரல் தட்டும். பெரிய எழுத்து ஐ சேர்த்தால், மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை அல்லது ஒரு கோப்புறையை நீக்கும்போது மாத்திரம் ஒருமுறை கேட்கும், அது போதும். தொட்டியில்தான் போடவேண்டுமென்றால் உபுண்டுவில் ஜிஐஓ ட்ரேஷ் என்ற கட்டளை இருக்கிறது. எதையும் கேட்காமல் நீக்கவைக்கும் கோடு-எஃப்பைச் சேர்க்கவே வேண்டாம்.

அனுபவசாலிகளுக்கும் இது நேர்கிறது. 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் நிற்பதாக நினைத்து முதன்மைச் சேவையகத்தின் தரவுத்தள அடைவை நீக்கினார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மாத்திரமே எஞ்சியது. ஏறத்தாழ ஆறு மணிநேரத்துக்கு முந்திய ஒரு பிரதி தற்செயலாக இருந்தபடியால் மீண்டார்கள்.

கேள்வி: ‘கொக்கிளாய்’ என்று தொடங்கும் பெயருள்ள ஒரு கோப்பு பட்டியலில் தெரிகிறது. அதே பெயரைத் தட்டி நீக்கினால், அப்படிக் கோப்பு இல்லை என்கிறது. பாமினி எழுத்துருவில் பெயரிட்ட சில கோப்புகளும் இப்படியே தொல்லை தருகின்றன. (ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘கொ’ யூனிகோட்டில் இரு விதமாக அமையலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். லினக்ஸ் பெயர்களைப் பைட்டுப் பைட்டாக ஒப்பிடுவதால் அவை அதற்கு வெவ்வேறு பெயர்கள். தங்கள் விசைப்பலகை ஒன்றைத் தருகிறது, கோப்பை அனுப்பியவருடையது மற்றதைத் தந்திருக்கிறது.

பாமினியின் வில்லங்கம் வேறு. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியாகவே (;) பதிவாகிறது. கட்டளை வரியிலோ அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்துவிடும், பின்னால் வருவது புதிய கட்டளை ஆகிவிடும். இத்தகைய பெயர்களை ஒற்றை மேற்கோள்குறிக்குள் இட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான வழி, பெயரை விட்டு இலக்கத்தைப் பிடிப்பது. எல்எஸ் கட்டளையுடன் கோடு-ஐ சேர்த்தால் பெயருக்கு முன் ஐநோட் இலக்கம் வரும். பிறகு கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில், தாங்கள் நிற்கும் அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியை இட்டு, கோடு-ஐநம் என்று அந்த இலக்கத்தைக் கொடுத்து, இறுதியில் கோடு-டிலீட் சேர்க்கவும். டிலீட்டை இலக்கத்துக்கு முன்னே வைத்தால், இலக்கத்தைப் பார்க்குமுன்னரே அந்த அடைவிலுள்ள அனைத்தையும் அது அழித்துவிடும். ஆகையால் முதலில் டிலீட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, விடை ஒரே பெயராக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: பயிற்சிச் சேவையகத்தில் பெரிய பதிவுக் (லாக்) கோப்பொன்றை நீக்கினேன். காலியிடம் கூடவில்லையே? (மாணவன், அறிவியல்நகர்)

பதில்: அதில் எழுதிக்கொண்டிருந்த நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் வெட்டுப்பட்டாலும் விதைத்தவர் வயலை விட்டு இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் எந்த நிரல் என்று கண்டுபிடித்து, அதை மீள இயக்கினால் இடம் விடுபடும்.

கேள்வி: வீட்டுக் கணினியை விற்கப் போகிறேன். அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் அதில் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். விண்டோஸ் கட்டளை வரியில் டெல் கொடுத்து அழித்துவிட்டேன். தொட்டியிலும் எதுவும் இல்லை. போதுமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: போதாது. டெல் கட்டளையும் தொட்டிக்கு அனுப்பாமல் பெயரைத்தான் வெட்டுகிறது. கிளிநொச்சி வாசகருக்கு மேலே சொன்ன அதே ஃபோட்டோரெக், வாங்கியவர் கையில் உங்கள் உறுதியை எடுத்துக் கொடுக்கும். சுழலும் பழைய வன்தட்டென்றால், முழு வட்டின் மேலும் ஒருமுறை வேறு தரவை எழுதிவிட்டால் போதும். விண்டோஸை மீள அமைக்கும்போது, வட்டை முழுமையாகத் துப்புரவு செய்யும் தெரிவைத் தேர்ந்தால் அது நடந்துவிடும். எஸ்எஸ்டி வட்டில் மேலெழுதுவது எல்லா இடத்தையும் சென்றடையும் என்று நம்ப முடியாது. அதைத் தயாரித்த நிறுவனம் தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதுவும் இயலாவிட்டால், வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை மட்டும் விற்றுவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.