ஈறில் ரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தலாமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன், வயது 46, சர்க்கரை நோய் உண்டு. கீழ்ப்பல் ஈறில் ரத்தம் கசிவதால் அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டுவிட்டேன். டாக்டரிடம் பல்லைச் சுத்தம் செய்துகொண்டால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்கிறார்களே, உண்மையா? – ஒரு வாசகி.

பதில்: உண்மையில்லை, அம்மா. ஈறோரத்தில் படியும் கிருமிப் படலம் இறுகிக் காரையாகி, அங்கே நீடிக்கும் அழற்சி பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பதால்தான் பல் ஆடுகிறது. காரை அகன்றதும், அதுவரை அது அடைத்திருந்த இடைவெளி நாக்கில் தட்டுப்படுவதால், பழி சிகிச்சையின் மேல் விழுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. அதற்கு மேல் ஆழமானால் பிரஷ் அடிவரை எட்டாது. ஈறு வீக்கத்தோடு நிற்கும் நிலையில் முழுமையாகத் தேறிவிடலாம். கரைந்த எலும்போ தானாக வளராது. வலியே இல்லாமல் முற்றுவதுதான் இந்நோயின் சூது. உங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: சர்க்கரை கூடினால் ஈறு நோய் விரைகிறது, ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கிறது. எனவே மென்மையான பிரஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து, ரத்தம் கசியும் பக்கத்தையும் சேர்த்து, இருவேளையும் 2 நிமிடம் துலக்குங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுடன் இந்த வாரமே சென்று காட்டுங்கள்.