மோதிரம் யாருடைய பாக்கெட்டில்?

கேள்வி: நண்பனின் சர்ச் திருமணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். மோதிரத்தை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கும்?

பதில்: அந்த மோதிரத்திலேயே நிறைய வேலை இருக்கிறது. புதுக் கோட்டின் பாக்கெட்டுகள் பல சமயம் நூலால் தைத்து மூடியபடியே வரும். பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. முதல் நாளே பிரித்து, உள்ளே ஓட்டை இல்லையா என்றும் விரல் விட்டுப் பாருங்கள். பெண்ணுக்குப் போடும் மோதிரம் ஒரு பாக்கெட்டில், மாப்பிள்ளைக்கானது இன்னொன்றில். சாவி, சில்லறை, செல்போன் எதுவும் கூட வேண்டாம். பெட்டியோடு வைத்தால் பாக்கெட் புடைத்துப் படத்தில் தெரியும். பதற்றத்தில் மூடியைத் திறக்கும்போது மோதிரம் தெறித்து உருளவும் செய்யும்.

புழுக்கத்தில் விரல் வீங்கி, மோதிரம் விரல் முட்டியில் நின்றுவிடுவது சகஜம். இலேசாகத் திருகியபடி ஏற்றச் சொல்லுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அதோடு விட்டுவிடட்டும், போட்டுக்கொள்பவரே மெதுவாகத் தள்ளிக்கொள்வார்.

அடுத்தது கையெழுத்து. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1108-ஆம் பிரிவுப்படி, திருமணத்தை நடத்தி வைப்பவரோடு இரண்டு சாட்சிகளும் இருந்தாக வேண்டும். வழக்கமாகத் தோழனும் தோழியுமே அந்தச் சாட்சிகள். என்னென்ன அடையாளச் சான்று வேண்டும் என்று ஆலய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நன்றாக எழுதும் கறுப்பு மைப் பேனா ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பாடகர் குழு, ஆர்கன் வாசிப்பவர், கார் ஓட்டுநர் ஆகியோருக்கான பணத்தைப் பெயர் எழுதிய உறைகளில் முதல் நாள் இரவே மாப்பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு யாரும் பணத்துக்காக அவரைத் தேடி வரக் கூடாது. பீடத்தை நோக்கி நிற்கும்போது உங்கள் இடம் பெரும்பாலும் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். ஒத்திகையில் குருவானவர் மாற்றிச் சொன்னால் அதன்படி நில்லுங்கள்.

கேள்வி: என் தங்கையின் கவுனுக்கு நீளமான வால். தோழியாக நான் அதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: வாசலில் வாலின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கி ஒரு உதறு உதறி விடுங்கள். உள்ளே காற்று புகுந்து, அது தானாக விரிந்து படியும். தரையோடு இழுத்துச் சரி செய்தால் சுருக்கம் விழும், குதிகாலில் மாட்டிக் கிழியும். பீடத்தருகே மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் திரும்புவாள். வால் திரும்பாது, காலைச் சுற்றிக்கொள்ளும். அவள் நின்ற பிறகு இரண்டடி முன்னே வந்து, நுனியை எடுத்து அவள் முதுகுக்கு நேர் பின்னால் போடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வாக்குறுதி சொல்லும்போது தங்கையின் பூச்செண்டு உங்கள் கைக்கு வந்துவிடும். உங்கள் செண்டும் சேர்ந்தால் இரண்டு கையும் அடைபட்டுவிடும். உங்களுடையதை முன்கூட்டியே பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆராதனை முடிந்ததும் வாலைத் தூக்கிக் கொக்கியிலோ பொத்தானிலோ மாட்ட வேண்டியிருக்கும். எந்தப் பொத்தான் எந்த வளையத்துக்கு என்பது அவசரத்தில் புரியாது. கடைசி முறை கவுனைப் போட்டுப் பார்க்கும் நாளில் தையல்காரர் மாட்டிக் காட்டுவதைச் செல்போனில் வீடியோ எடுத்து, நீங்களும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். கைப்பையில் ஊக்குகள், வெள்ளை நூல் கோத்த ஊசி, இருபக்கம் ஒட்டும் டேப், கொண்டை ஊசிகள், கம்மல் திருகாணி, கறையை மறைக்க வெள்ளைச் சாக்பீஸ், உதட்டுச் சாயம் கலையாமல் தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா.

கேள்வி: மூன்று வயதுப் பையன் மோதிரத் தலையணையைக் கொண்டுவரலாமா?

பதில்: கொண்டுவரட்டும், ஆனால் தலையணையில் இருப்பது விலை மலிவான போலி மோதிரமாக, நூலால் தைத்ததாக இருக்கட்டும். அசல் தோழனிடமே இருக்கும். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் இதற்குச் சரி. அதைவிடச் சின்னக் குழந்தை பாதி வழியில் நின்றுவிடலாம். அம்மாவோ அப்பாவோ முன்வரிசை ஓரத்தில், அவன் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். வந்து சேர்ந்ததும் அவர்கள் மடிக்குப் போய்விடட்டும்; ஆராதனை முழுக்க நிற்க வைக்காதீர்கள். போக மாட்டேன் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: வரவேற்பில் தோழன் எவ்வளவு நேரம் பேசலாம்?

பதில்: மூன்று நிமிடம். எழுதி, கடிகாரத்தை வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பழைய காதல், கல்லூரிக் கூத்து எதையும் தொடாதீர்கள். பெண் வீட்டுப் பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.