நடந்தால் இழுக்கும் கெண்டைக்கால், நின்றால் விடுகிறது: ஏன்?

கேள்வி: வயது 58. பல வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தினமும் ஐந்தாறு சிகரெட். கொஞ்ச தூரம் நடந்தாலே வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், குறையவில்லை. என்ன செய்வது?

பதில்: சத்து மாத்திரை இருக்கட்டும், ஆனால் இந்த வலிக்கு அது மருந்தாகத் தெரியவில்லை. சர்க்கரையால் வரும் நரம்பு வலி பெரும்பாலும் பாதத்தில் எரியும், மரத்துப்போகும், சும்மா படுத்திருந்தாலும் விடாது. முதுகெலும்பில் நரம்பு நசுங்கினால் நிற்பதே வலிக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும். உங்களுக்கு அப்படி இல்லை, குறிப்பிட்ட தூரத்தில் பிடிக்கிறது, நின்றாலே விட்டுவிடுகிறது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பு படிந்து, நடக்கும் தசைக்கு வேண்டிய ரத்தம் போகாதபோது இப்படித்தான் வரும். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் அங்கேதான்.

இதில் நான் பயப்படுவது காலைவிட இதயத்தை நினைத்துத்தான். காலில் படிந்த கொழுப்பு இதயத்திலும் கழுத்து ரத்தக்குழாயிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த நோய் உள்ளவர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் வந்து பாதிக்கப்படுபவர்கள்தான் அதிகம். பலருக்குக் கால் வலியே இருக்காது என்பது இன்னொரு தொல்லை. (சர்க்கரை செக்கப்புக்குப் போனபோது கடைசியாக எப்போது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினீர்கள்?)

எடுத்தவுடனே பெரிய ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். டாக்டர் முதலில் மேல்பாதத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார். அப்புறம் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடும் ஏபிஐ டெஸ்ட், ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கவைக்கும் சின்ன டாப்ளர் கருவி போதும், ஊசி கிடையாது. கையில் 150, கணுக்காலில் 105 என்றால் 105-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.7. இந்த விடை 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். ஒரு விஷயம், நாள்பட்ட சர்க்கரையில் தமனியில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போனால் 1.4-க்கு மேல்கூடக் காட்டும், அதைப் பார்த்து நல்லது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அப்போது கால் கட்டைவிரலில் பிரஷர் பார்க்க வேண்டும். கூடவே ஈசிஜி, கொலஸ்ட்ரால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட்.

அடைப்பு உறுதியானால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல் தருவார்கள், கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிகரெட்டைக் குறைப்பது என்ற பேச்சே வேண்டாம், நிறுத்துங்கள். காலில் புண் இல்லை, இதயமும் பரவாயில்லை என்று டாக்டர் சொன்னபின் நடைதான் பெரிய சிகிச்சை: நன்றாக வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடந்து, இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது. 12 வாரத்தில் பலருக்கு நடக்கும் தூரம் கூடுகிறது. வலிக்கிறதே என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், உணர்ச்சி குறைந்த காலில் வெந்துபோவது தெரியாது.

ராத்திரி படுத்தால் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் சுகமாக இருக்கிறது என்றாலோ, விரலில் ஆறாத புண், கறுப்பு என்றாலோ அந்த வாரமே ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் போங்கள். திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, அசைக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.