பழைய குளத்துக்குள்ள மெஷின இறக்கறதுக்கு முன்னாடி

கேள்வி: வாங்கின நிலத்துல பழைய குளம் ஒண்ணு இருக்கு, அரை ஏக்கர் வரும். மழைக்கு நிரம்புது, ரெண்டு மாசத்துல வத்திடுது, இருக்குற தண்ணியும் பச்சைப்பாசி. கரையெல்லாம் மரம். மெஷின் விட்டு 10 அடி தோண்டிட்டா சரியாகுமா?

பதில்: தோண்டுறத கொஞ்சம் தள்ளி வைங்க. குளத்துல தண்ணிய நிறுத்தி வைக்கிறது ஆழம் இல்ல, அடியில இருக்குற களிமண்ணுதான். பல பழைய குளத்துல அந்த களி ஒண்ணு ரெண்டு அடிதான் இருக்கும், அத கிழிச்சுட்டு மெஷின் கீழ மணலத் தொட்டுச்சுன்னா இப்ப ரெண்டு மாசம் நிக்கிற தண்ணி ரெண்டு வாரம்கூட நிக்காது.

அதனால முதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. ஒரு பக்கெட்ல தண்ணி ஊத்தி, குளத்துக்குள்ள ஓரமா கல்லு மேல வைங்க, உள்ள வெளிய ரெண்டு மட்டத்தையும் குறிச்சுட்டு மழை இல்லாத ஒரு வாரம் கழிச்சு அளந்து பாருங்க. பக்கெட்ல குறைஞ்சது வெயிலுக்குப் போனது, குளத்துல அதுக்கு மேல குறைஞ்சிருந்தா பெரும்பாலும் கசிவு (கரை மரங்க குடிக்கிறதும் இதுல சேரும்).

அப்புறம் ஒரு நீளமான கம்பி எடுத்து பத்து பதினஞ்சு இடத்துல கையால குத்திப் பாருங்க. லேசா இறங்குறது வண்டல், கெட்டியா முட்டுற இடம்தான் பழைய தரை. வண்டல மட்டும் எடுங்க, தரை வந்ததும் நிறுத்திடுங்க. அரை ஏக்கர்ல 1 அடி எடுத்தாலே சுமார் 600 கன மீட்டர் மண்ணு வரும், எங்க கொட்டுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. வயலுக்கு நல்ல உரம்தான், கரை ஓரமா மட்டும் குவிக்காதீங்க, அடுத்த மழையில திரும்ப உள்ளயே வந்துடும்.

கசிவு இருக்குற இடத்துல நல்ல களிமண்ண ஈரப்பதத்தோட அரை அடி அரை அடியா போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்கணும், சும்மா கொட்டிட்டு போனா பிரயோஜனமே இல்ல. மண்ணு ரொம்ப மணலா இருந்தா பென்டோனைட் (தண்ணி பட்டா உப்புற ஒரு வகை களிமண் பொடி) கலக்கலாம், அதுலயும் சோடியம் வகைதான் நல்லா உப்பி அடைக்கும், எவ்வளவுன்னு மண் பரிசோதனை பண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

மரம்தான் சிக்கலான விஷயம். கரையில முளைக்கிற சின்னச் செடிய இப்பவே பிடுங்கிடுங்க. பெரிய மரத்த சட்டுனு வெட்டிடாதீங்க, வேர் உள்ளேயே மக்கி குழாய் மாதிரி ஓட்டை விழும், தண்ணி அது வழியா மண்ண அரிச்சுக்கிட்டு போகும். வெட்டியே ஆகணும்னா வேரையும் எடுத்து அந்த இடத்த களிமண்ணால இறுக்கி மூடணும்.

பாசிக்கு மருந்து தேடுறவங்கதான் அதிகம், ஆனா பாசிக்கு சாப்பாடு போடறது வயல் உரமும் மாட்டுச் சாணமும். மாடு குளத்துல இறங்காம தனியா தொட்டி வைங்க, சுத்தி 10 மீட்டராவது புல் விடுங்க, தண்ணி உள்ள வர்ற வாய்க்கால் முனையில ஒரு சின்ன வண்டல் குழி வெட்டி வருஷா வருஷம் அத மட்டும் அள்ளுங்க, குளம் தூர்ந்து போறது நல்லா குறையும். மருந்து போட்டே ஆகணும்னா மூணுல ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் போட்டு ரெண்டு வாரம் விடுங்க, மொத்தமா போட்டா செத்த பாசி அழுகி ஆக்ஸிஜன் தீர்ந்து விடியக்காலையில மீன் எல்லாம் மிதக்கும்.

கொசுவுக்குன்னு கம்பூசியா மீன் விடச் சொல்வாங்க, வேண்டாம், தவளைக் குஞ்சையும் சேத்து தின்னுடும். ஒரு பக்கம் சரிவா, ஆழம் கம்மியா விடுங்க, தவளையும் தும்பியும் வரும், தவறி விழுந்த ஆடு மாடும் ஏறி வந்துடும்.

கடைசியா உபரி தண்ணி போற வழி. தண்ணி கரை மேல ஏறி வழிஞ்சுதான் நிறைய கரை உடையுது. புல் பிடிச்ச அகலமான வழி ஒண்ணு ஓரமா விட்டு, கரை உச்சி அதவிட 2 அடியாவது உசரமா இருக்கான்னு பாருங்க. முதல் பெரிய மழைக்கு அப்புறம் கரையோட வெளிப்பக்கம் அடிவாரத்துல நடந்து பாருங்க, தெளிஞ்ச தண்ணியா கசிஞ்சா கவனிச்சுட்டே இருங்க, கலங்கலா வந்தா உடனே குளத்துத் தண்ணி மட்டத்த இறக்கிட்டு இன்ஜினியர கூப்பிடுங்க.