'லூபா அரசரின் கரண்டி' என்று விற்கிறார்களா?

காங்கோவின் லுபும்பாஷியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: லூபா மக்களின் சடங்குக் கரண்டி, கைப்பிடியில் பெண் உருவம், 150 வருடப் பழசு, அரச குடும்பத்துச் சொத்து என்று சொல்லித் தரகர் 800 டாலர் கேட்கிறாராம், வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

வேண்டாம். லூபா சிற்பங்களில் பெண் உருவம் தாங்கும் இருக்கைகள், செங்கோல்கள், வில் தாங்கிகள்தான் அதிகம் தெரிந்தவை, கரண்டி அபூர்வம். அது இந்தத் தரகர் கைக்கு எப்படி வந்தது? பெண் உருவம் சான்று ஆகாது. அரசனின் ஆவியைத் தாங்கும் வலு பெண்ணுடலுக்கே உண்டு என்பது லூபா நம்பிக்கை, அதனால் பழைய சாமான்களில் பெண் உருவம் நிறைய, அது தெரிந்துதான் போலி செய்கிறவரும் பெண்ணையே செதுக்குகிறார்.

உருவத்தின் வயிற்றைப் பாருங்கள். லூபா பெண்கள் அந்நாளில் தோலைக் கீறி இட்டுக்கொண்ட தழும்புக் கோலத்தை அதில் மேடாகச் செதுக்கியிருக்கும். கை பட்டுப் புழங்கிய சாமானில் மேடு மழுங்கி, விரல் எட்டாத இடுக்கில் மட்டும் கூர்மை மிஞ்சியிருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை என்று சந்தேகப்படுங்கள். மோந்து பார்த்தால் ஷூ பாலிஷ் வாசனையா, அப்புறம் பேச்சே வேண்டாம். கார்பன் சோதனை அறிக்கையைக் காட்டினாலும் மயங்காதீர்கள், கடந்த சுமார் 300 வருடத்து மரத்துக்கு அது தெளிவான காலம் சொல்லாது, பழைய உத்தரத்தை எடுத்து நேற்றுச் செதுக்கியிருந்தாலும் மரத்தின் வயதைத்தான் சொல்லும்.

நிஜமாகவே பழசு என்றால் சிக்கல் இன்னும் பெரிது. பழம்பொருள் கடத்தலுக்கு எதிரான 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையில் காங்கோவும் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது, அரசு அனுமதி இல்லாமல் எடுத்துவரக் கூடாது. 'அனுமதியும் நானே வாங்கித் தருகிறேன்' என்பார் தரகர், நம்பாதீர்கள், நீங்களே லுபும்பாஷி தேசிய அருங்காட்சியகத்தில் போய்க் கேளுங்கள். முறையாகக் கேட்கிறவர் ஒவ்வொரு மேஜையாக அலைய வேண்டியிருக்கிறது, காலனி ஆட்சிக் காலத்தில் பெல்ஜியத்துக்கு அள்ளிக்கொண்டு போனவர்கள் அந்த மக்களிடம் ஒரு காகிதம் கேட்டார்களா என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஒரு விலக்கு உண்டு. புதிதாகச் செதுக்கியதைப் புதிது என்றே சொல்லி விற்றால் தாராளமாக வாங்குங்கள், புதுச் சாமானின் விலைக்கு. செதுக்கியவர் பெயர், செய்த வருடம், 'புதிய கைவினைப் பொருள்' என்ற வார்த்தை எல்லாம் ரசீதில் இருக்கட்டும். பழசு போலத் தெரியட்டும் என்று புகைக்கரி பூசித் தர முன்வருவார்கள், பூச விடாதீர்கள், சுங்கத்தில் அதையே காட்டி நிறுத்துவார்கள். முடிந்தால் செதுக்கியவரிடமே நேராக வாங்குங்கள், காசு அவர் கைக்குப் போகட்டும்.