பியானோ தொழிற்சாலையில் பிறந்த ஜாஸ் தட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முதல் இசைத்தட்டு, அமெரிக்காவின் ஒரு சிறு ஊரில் இருந்த பியானோ தொழிற்சாலையில் பதிவானது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். சிகாகோவில் இல்லாத என்ன வசதி அந்தச் சிறு ஊரில் இருந்தது? அதன் முதலாளிகள் அவ்வளவு பெரிய ரசிகர்களா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், ஒயிட்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தில் ஸ்டார் பியானோ கம்பெனி இருந்தது. அதை நடத்திய ஜெனட் குடும்பம் தங்கள் பெயரிலேயே இசைத்தட்டுகளையும் விற்றது. ஒலிப்பதிவுக்கூடம் ரயில் பாதையை ஒட்டியிருந்தது. ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன் நின்று வாசித்தால், அந்த ஒலியின் வலுவிலேயே ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். உரத்த வாத்தியம் மற்றவற்றை விழுங்கிவிடும். 1923 ஏப்ரலில் சிகாகோவிலிருந்து கிங் ஆலிவரின் ஜாஸ் குழு அங்கே வந்தபோது, அதில் கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்த ஆம்ஸ்ட்ராங்கைக் கூம்பிலிருந்து தள்ளி நிறுத்தியதாக, அக்குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நிற்கும் இடத்தை மாற்றுவதுதான் வழி.

முதலாளிகளை வியாபாரிகள் என்றே சொல்வேன். புகழ்பெற்ற பாடகர்களை விக்டர் போன்ற பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தில் வைத்திருந்தன. எனவே, அவர்கள் ஏறெடுத்துப் பார்க்காத இசைக்கு ஜெனட் கதவைத் திறந்தது. கிளப்புகளில் வாசித்த குழுக்களை அழைக்கச் சொன்னவர் ஸ்டாரின் சிகாகோ கடை மேலாளர் பிரெட் விக்கின்ஸ். இதைவிட முக்கியமானது ஒரு வழக்கு. ஊசி பக்கவாட்டில் அசைந்து பதியும் முறை தன் காப்புரிமை என்று விக்டர் வழக்குத் தொடர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் ஸ்டார் வென்றது. அதன்பின் சிறு கம்பெனிகளும் அச்சமின்றி அந்த முறையில் தட்டு போட முடிந்தது. ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. அது இல்லாவிட்டால் அந்த இசையில் பாதி பதிவாகாமலே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஜெனட்டைக் கொண்டாடுவதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டினால் யாருக்கும் தட்டு போட்டுக் கொடுத்தார்கள். அந்த வகையில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் பாடல்களும் அதே தொழிற்சாலையில் அச்சாயின. 1923 ஜூலையில் கிரியோல் எனப்படும் கலப்பு வம்சாவளியைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் ஒரு வெள்ளையர் குழுவோடு சேர்ந்து வாசித்ததும் அங்கேதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கூடத்தின் கதையை எழுதக்கூடாது. பொருளாதாரப் பெருமந்தம் வந்தபின் வியாபாரம் சரிந்து, 1934இல் ஜெனட் தட்டுகள் நின்றன.

கேட்கத் தொடங்குவதானால் ஆலிவர் குழுவின் ‘சைம்ஸ் ப்ளூஸ்’. ஆம்ஸ்ட்ராங் தனித்து வாசித்துப் பதிவான முதல் பகுதி அதில் வருகிறது. அடுத்து, 1929 ஜூனில் பாராமவுண்ட் கம்பெனிக்காக அதே ரிச்மண்டில் ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் பாடிய ‘போனி ப்ளூஸ்’. அதற்குள் மைக் வந்துவிட்டிருந்தது.