தங்கச் சுரங்கப் பங்கின் நியாய மதிப்பு: கிரகாம் சூத்திரம் போதுமா?

கேள்வி: வெளிநாட்டுத் தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்க எண்ணுகிறேன். பங்கு முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரகாமின் சூத்திரப்படி கணக்கிட்டால், சந்தை விலையைப் போல இரு மடங்கு மதிப்பு வருகிறது. இதை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு விடையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கிரகாம் 1962இல் தந்த வடிவத்தில், எதிர்பார்க்கும் ஆண்டு வளர்ச்சி விகிதத்தின் இரு மடங்கை 8.5உடன் கூட்டி, அதனைப் பங்கு ஒன்றுக்கான ஆண்டு லாபத்தால், அதாவது இ.பி.எஸ்.ஸால், பெருக்க வேண்டும். வளர்ச்சியே இல்லாத நிறுவனத்துக்கும் எட்டரை மடங்கு கிடைப்பது, லாபம் முடிவின்றித் தொடரும் என்ற அனுமானத்தால்தான். சுரங்கத்துக்கு அது பொருந்தாது; வெட்டி எடுக்கும் ஒவ்வொரு அவுன்சும் சொத்திலிருந்து கழிகிறது. எட்டு ஆண்டுகளுக்கே தாது உள்ள சுரங்கத்தின் லாபத்தை 8% தள்ளுபடி விகிதத்தில், அதாவது வரும் பணத்தின் மதிப்பைக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8% வீதம் குறைத்து, இன்றைய மதிப்புக்கு மாற்றினால், 5.7 மடங்குதான் தேறும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இ.பி.எஸ். தங்கத்தின் விலையோடு சேர்ந்து ஏறி இறங்குவது. கனடாவின் பாரிக் கோல்டு 2011இல் பங்குக்கு ஏறத்தாழ 4.5 டாலர் ஈட்டியது. 5% வளர்ச்சி என்று கொண்டால் சூத்திரம் காட்டும் மதிப்பு 83 டாலர். அவ்வாண்டு முடிவில் சந்தை விலை 45 டாலர் அளவில் இருந்ததால், பங்கு மிக மலிவு என்றே எவருக்கும் தோன்றியிருக்கும். 2013இல் தங்கம் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. சிலி–அர்ஜென்டினா எல்லையில் இருந்த பாஸ்குவா-லாமா திட்டத்தின் மதிப்பைப் பெருமளவு குறைத்து எழுத நேர்ந்த அந்நிறுவனம், அவ்வாண்டில் 1,000 கோடி டாலருக்கும் மேல் நட்டம் காட்டி, 18.35 டாலருக்குப் புதிய பங்குகளை விற்றது. லாபத்தோடு வெட்டி எடுக்கத் தக்க தங்கத்தின் அளவான இருப்பைக் கணக்கிடும் தங்க விலையை 1,500 டாலரிலிருந்து 1,100 டாலராக்கியது முக்கியக் காரணமாக, அதன் கனிம இருப்பும் 14 கோடி அவுன்சிலிருந்து 10.4 கோடியாகச் சுருங்கியது. விலை விழும்போது லாபம் மட்டுமின்றி, தோண்டத் தகுந்த தாதுவின் அளவும் குறைகிறது என்பதை இ.பி.எஸ்.ஸை மட்டும் பார்ப்பவர் கவனிப்பதில்லை.

ஆகவே சுரங்கத்தின் ஆயுளிலிருந்து தொடங்குங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: இருப்பு 20 லட்சம் அவுன்ஸ், ஆண்டு உற்பத்தி 2 லட்சம், தங்கம் 2,000 டாலர், ஏ.ஐ.எஸ்.சி. எனப்படும் மொத்த நிலைநிறுத்தச் செலவு (தங்கத்தை எடுக்கவும் சுரங்கத்தைத் தொடர்ந்து இயக்கவும் ஆகும் செலவு) அவுன்சுக்கு 1,400 டாலர். மிஞ்சும் 600 டாலரில் 30% வரி போக, ஆண்டுக்கு 8.4 கோடி டாலர் கிடைக்கும். பத்தாண்டு வரவை 8% விகிதத்தில் இன்றைய மதிப்பாக்கினால் ஏறத்தாழ 56.4 கோடி. நிகரக் கடன் 6.4 கோடியைக் கழித்து, 10 கோடிப் பங்குகளால் வகுத்தால் பங்குக்கு 5 டாலர். இனி தங்க விலையை 1,800 டாலராக மாற்றுங்கள், மதிப்பு 3.12 டாலராகிவிடும். விலையில் பத்து சதவீதம் குறைய, பங்கின் மதிப்பில் 37 சதவீதத்துக்கு மேல் போகிறது.

ஏ.ஐ.எஸ்.சி., இருப்பு, கடன் ஆகியவை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கிடைக்கும், ஏ.ஐ.எஸ்.சி.யில் வருமான வரியும் புதிய சுரங்கம் அமைக்கும் முதலீடும் சேராது என்பதால், அவற்றைத் தனியே கழியுங்கள். இன்றைய தங்க விலையிலும், அதைவிட 20% குறைந்த விலையிலும் கணக்கிட்டு, இரண்டாவது விடைக்குக் கீழே சந்தை விலை இருந்தால் மட்டும் அப்பங்கை மலிவானது என்று கொள்ளுங்கள்.